காற்றுமானி பூச்சியம் காட்டிய சனிக்கிழமை

சிவானுஜா வென்றவற்றை முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது. பிந்தினால் உறவினர் வாயில் அவை வேறு யாருடையவோ வெற்றிகளாகிவிடும்.

ஒரு ஜெர்மன் சொல்லும் தெரியாமல் பதினொரு வயதில் சுவிஸ் வகுப்பில் போய் உட்கார்ந்தவள், "இந்தப் பிள்ளைக்குச் சமையலறை வேலைதான் பொருந்தும்" என்று தாயிடம் அன்போடு சொன்ன ஆசிரியையின் தீர்க்கதரிசனத்தை வென்றாள். தொழிற்பயிற்சி இடம் கேட்டு எழுதியபோது குவிந்த மறுப்புகளை வென்றாள். எல்லாம் மிக மரியாதையான மறுப்புகள். சுவிஸ்காரர் ஓம் என்று சொல்லும்போதுகூட அவ்வளவு மரியாதை காட்டுவதில்லை. பெண்பிள்ளை என்றால் பார்மசி, இல்லாவிட்டால் வங்கி, அதுவும் இல்லாவிட்டால் பல்வைத்தியருக்குப் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்கிற வேலை என்று நம்மவர் போட்டு வைத்திருக்கும் பட்டியலை வென்றாள். உயரத்தில் நின்று கீழே பார்த்தால் வயிற்றைப் பிரட்டும் குணத்தை, தூண் உச்சியில் இடுப்புவாரோடு தொங்கித் தொங்கியே வென்றாள். வேலை செய்த கிராமத்தில் நடந்த சீட்டுப்போட்டியில் ஒரு முழுப் பன்றித்தொடையும் வென்றாள். அன்று வெள்ளிக்கிழமை விரதம். ஆகவே அந்த வெற்றியைப் பக்கத்து வீட்டு நாய் கொண்டாடியது.

கடைசியாகத் தாய்மாமன் உருத்திரமூர்த்தியை வென்றாள். அதற்கு முன் அவரை வென்றவர் யாரும் இருந்ததாகக் குடும்பத்தில் எவருக்கும் நினைவில்லை.

உருத்திரமூர்த்தி சுவிஸுக்கு எண்பத்தேழில் வந்தவர். அதனால் அதற்குப் பிறகு வந்த எவரும் சுவிஸைப் பற்றி அவருக்கு ஒன்றும் சொல்ல முடியாது, சுவிஸ்காரர் உட்பட. 2009 கடைசியில் தங்கை பரமேஸ்வரி இரண்டு பெண்பிள்ளைகளோடு வந்திறங்கியபோது, லுசேர்னில் தன் வீட்டு அறையொன்றைச் சில மாதங்களுக்கு விட்டுக் கொடுத்தார். நல்ல மனிதர், யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சில மாதங்களை அவர் பிறகு வந்த பத்து வருடங்களிலும் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஒரு பிறந்தநாள் விருந்தில் கேக் வெட்டுவதற்கு முன் அந்த அறை ஒருமுறை நினைவுகூரப்படும். கேக் வெட்டியபின் இன்னொருமுறை.

இளையவள் சிவானுஜா கேபிள் கார் ஓட்டவும் பழுதுபார்க்கவும் படிக்கப்போகிறாள் என்று கேள்விப்பட்டபோது அவர் தங்கையைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"பெட்டையைக் கம்பியிலை தொங்க விடவோ இங்கை கூட்டிக்கொண்டு வந்தனீ?"

மாமனுக்கு முன்னால் சிவானுஜா ஓம் என்று தலையை ஆட்டுவாள், பிறகு போய்த் தான் நினைத்ததைச் செய்வாள். இப்படியே நான்கு வருடப் படிப்பை முடித்தாள். முடித்து, லுசேர்ன் ஏரிக்குத் தெற்கே ஒரு பள்ளத்தாக்கில், கீழிருந்து ஒரு கூண்டும் மேலிருந்து ஒரு கூண்டுமாக ஏறி இறங்கும் பழைய கேபிள் காரில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அங்கே அவளுக்கு இல்லாத வேலை ஒன்றே ஒன்றுதான். காலையில் கம்பியைப் பார்ப்பாள், பிரேக்கைச் சோதிப்பாள், வெறுங்கூண்டை ஒருமுறை ஏற்றி இறக்குவாள், மேல்நிலையத்துக் காற்றுமானி காட்டும் வேகத்தை நாள் தாளில் எழுதுவாள். அந்தத் தாளின் அடியில் 'பொறுப்பு' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் மட்டும் தலைவர் இம்ஹோஃப் கையெழுத்திடுவார். முழுச் சமையலையும் அவள் செய்ய, உப்புப் பார்த்தது தான் என்று அவர் எழுதிக்கொள்வது போல இருக்கும்.

ஒரு நாள் அவள் நேரே கேட்டுவிட்டாள். இம்ஹோஃப் அதிகம் கதைக்காத மனிதர். கதைத்தால் மாட்டைப் பற்றித்தான் கதைப்பார்.

"தொழில் உனக்குத் தெரியும்," என்றார். "ஆனால் கேபிள் காரை ஓட்டுவதற்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை. நிறுத்துவதற்குத்தான் போடுகிறேன். வெயிலடிக்கிற நாளில், முகத்துக்கு முன்னால் சனம் நின்று கத்தும்போது, இல்லை என்று சொல்ல வேண்டும். அதை நான் இன்னும் உன்னிடம் பார்க்கவில்லை."

சிவானுஜாவுக்குக் கோபம் வந்தது. ஜெர்மனில் அவள் எத்தனையோ பேருக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறாள். குடிவெறிகாரருக்கு, பனிச்சறுக்குப்பலகைக்காரருக்கு, கூண்டுக்குள் ஆட்டுக்கடாவை ஏற்ற வந்த கமக்காரனுக்கு. தமிழில் சொன்னதில்லை என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்த வருடம் உருத்திரமூர்த்தியின் ஒரே மகள் ஹரிஷாவுக்குச் சாமத்தியச் சடங்கு, அதாவது பூப்புனித நீராட்டு. பிள்ளை பெரியபிள்ளையாகி ஒன்றரை வருடமாகியிருந்தது. மண்டபமும், வீடியோக்காரரும், அவர் தாலி கட்டிய நாளில்கூட ஒன்றுசேராத சொந்தக்காரர்களும் ஒரே சனிக்கிழமையில் கிடைக்க அவ்வளவு காலம் எடுத்தது. முன்னைய வருடம் சூரிச் பக்கத்து அட்லிஸ்வில் சண்முகலிங்கம் தன் மகளை நான்கு வெள்ளைக் குதிரை பூட்டிய வண்டியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். அதன் வீடியோவை உருத்திரமூர்த்தி பலமுறை பார்த்தார். குதிரையை விட உயரமானது என்ன என்று யோசித்தார். பிறகு மருமகளுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, உன்ர கேபிள் காரிலை எத்தினை பேர் ஏறலாம்?"

"முப்பது பேர், மாமா."

"எங்கட ஆக்கள் எண்டால்?"

"முப்பது பேர்தான், மாமா."

மலையுச்சியில் ஒரு உணவகம் இருந்தது. விருந்தினர் முன்கூட்டியே ஏறி அங்கே காத்திருக்க, ராகுகாலம் கழிந்ததும் ஹரிஷா கேபிள் காரில் மேகத்துக்குள்ளிருந்து வந்து இறங்க வேண்டும். இதுதான் திட்டம். இம்ஹோஃபுக்கு மறுப்பில்லை, ஒக்டோபரில் உணவகத்துக்கு அவ்வளவு சனம் வருவதில்லை. மறுக்க வேண்டியவை எல்லாம் சிவானுஜாவின் தலையில் விழுந்தன. கூண்டுக்குள் குத்துவிளக்கு ஏற்றலாமோ என்று மாமன் கேட்டார். கூடாது. மேலே கற்பூரம்? தெற்குக் காற்று அடிக்கும் காலத்தில் அந்த ஊரில் வெளியே சிகரெட்டே பற்றவைக்க விடமாட்டார்கள்; கூடாது. கம்பிக்குப் பக்கத்தில் ட்ரோன்? கூடாது. கூண்டின் கூரையில் திருத்தவேலைக்கு ஏறும் தட்டில் அவள் நிற்கும் படமொன்றை மாமன் பார்த்திருந்தார்; அந்த இடத்தில் தவில்காரர் இருவரை நிறுத்தினால் என்ன? அதற்கு அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். அவர் அதைப் பாதிச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

வாழைமரம், மாவிலைத் தோரணம் என்று வந்தபோது அவளுக்கு அலுத்துவிட்டது.

"மாமா, கூண்டிலை ஒண்டும் கட்டேலாது. மேலை கட்டிடத்திலை எங்கை வேணுமெண்டாலும் கட்டச் சொல்லுங்கோ."

பாதுகாப்புப் படிப்பில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளை சொன்ன வசனம் இது. எங்கை வேணுமெண்டாலும்.

சனிக்கிழமை காலை இம்ஹோஃப் வந்து தாளில் கையெழுத்திட்டார். அன்று பக்கத்துக் கிராமத்தில் மாட்டுக் கண்காட்சி. அவருடைய பசு ஒன்று பரிசுக்கு நின்றது.

"தெற்குக் காற்று வரலாம். மானியைப் பார்," என்றார். "இன்று நீதான். இந்த நாளை ஒழுங்காகக் கொண்டுபோனால் அந்தக் கட்டத்தைப் பற்றித் திங்கள் கதைப்போம். பிழை வந்தால் இந்தக் குளிர்காலமும் நான்தான் கையெழுத்து."

தெற்குக் காற்றைப் பற்றி அறியாதவர்க்கு ஒரு வார்த்தை. அது இத்தாலிப் பக்கமிருந்து மலையைத் தாண்டி, சூடாகி, இந்தப் பக்கம் வந்து விழும். உச்சியில் கூரை ஓட்டைக் கழற்றும் நேரத்தில் அடிவாரத்தில் ஒரு புல்லும் ஆடாது. நல்ல வெயில், தெளிந்த வானம், கைக்கெட்டும் தூரத்தில் தெரியும் மலைகள். வீடியோக்காரர் கேட்கும் எல்லாம் இருக்கும்.

விருந்தினர் பட்டும் நகையுமாகக் கூண்டு கூண்டாக ஏறிப் போனார்கள். சிவானுஜாவின் அக்காவும் ஒரு வடைச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனாள். மானி மணிக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் என்று காட்டிக்கொண்டிருந்தது. அறுபதுக்கு மேல் மெதுவாக ஓட வேண்டும், எண்பதில் நிறுத்த வேண்டும் என்பது விதி. கடைசிச் சுற்று ஏறி முடிந்து சற்று நேரத்தில் கீழ்நிலையக் கட்டுப்பாட்டறைத் திரையில் எண் இறங்கத் தொடங்கியது. பன்னிரண்டு. நான்கு. பூச்சியம்.

பூச்சியம் அப்படியே நின்றது.

கீழே ஹரிஷா சிவப்புப் பட்டுச் சேலையில், கழுத்தைத் திருப்ப முடியாத அளவு மாலையோடு, ரிக்கற் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். அவளைச் சுற்றி ஆராத்தித் தட்டுகளோடு மாமிமார். எல்லாருக்கும் முன்னால் வீடியோக்காரன் சயன், தோளில் கமரா.

உருத்திரமூர்த்தி கட்டுப்பாட்டறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். 'உள்ளே வரக்கூடாது' என்று அதில் எழுதியிருந்தது அவருக்காக அல்ல.

"என்ன பிள்ளை, ராகுகாலம் முடிஞ்சுது. ஏன் இன்னும் கூண்டைத் திறக்கேல்லை?"

"மேலை காத்து பூச்சியம் எண்டு காட்டுது, மாமா."

"நல்லதுதானே."

"இல்லை மாமா. அந்த உச்சியிலை பூச்சியம் வாறேல்லை. நான் வேலைக்கு வந்து ஒரு நாளும் காணேல்லை."

"இண்டைக்கு வந்திருக்கு. அம்மன்ர அருள்."

"அம்மன் மெல்ல மெல்லத்தானே குறைப்பா. இது எங்கையோ சிக்கின மாதிரி நிக்குது."

அவளுக்கு உதவ விதிப்புத்தகத்தில் ஒன்றும் இருக்கவில்லை. எண்பதுக்கு மேல் என்ன செய்வது என்று பக்கம் பக்கமாக இருந்தது. பூச்சியத்தில் நிறுத்து என்று ஒரு வரி இல்லை. ஓட விட்டால் ஒருவரும் அவளைக் குறை சொல்லமாட்டார்கள். மாமனும் இல்லை, இம்ஹோஃபும் இல்லை. அந்தக் கட்டமும் திங்கட்கிழமை அவள் கையில்.

மேல்நிலையத்தில் வேலை செய்யும் ரூடிக்கு அழைத்தாள். ரூடி அறுபதைத் தொட்டவர், அந்த மலையிலேயே பிறந்தவர். மறுமுனையில் மென்று விழுங்கும் சத்தம் கேட்டது.

"காற்றா? நான் இயந்திர அறையில் இருக்கிறேன், இங்கே சன்னல் இல்லை. உன் ஆட்கள் நல்ல ஆட்கள். இந்த ஓட்டை போட்ட ரொட்டிக்கு என்ன பெயர்?"

"வடை. வெளியில் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள்."

"மூன்றாவதை முடித்துவிட்டுப் போகிறேன்."

சயன் தலையை உள்ளே நீட்டினான். "அக்கா, வெளிச்சம் மாறுது. பிறகு முகத்திலை நிழல் விழும்."

"நிழல் விழுந்தால் பரவாயில்லை, தம்பி."

உருத்திரமூர்த்தி சிரித்தார். சுற்றி நின்றவர்களுக்காகச் சிரிக்கும் சிரிப்பு அது. "பாத்தியே பரமேஸ்வரி. காத்து அடிச்சால் ஓடேலாது எண்டாள், சரி. இப்ப காத்து அடிக்கேல்லை எண்டும் ஓடேலாதாம்."

மாமிமார் சிரித்தார்கள். வாசலில் நின்ற பரமேஸ்வரி சிரிக்கவில்லை. அப்போது உருத்திரமூர்த்தியின் கைத்தொலைபேசி அடித்தது. மேலிருந்து வீடியோ அழைப்பு: சோடனைக்காரர் சந்திரகுமார். வாரநாளில் பஸ் ஓட்டுபவர், சனி ஞாயிறில் மண்டபம் சோடிப்பவர். தன் கைவேலையைக் காட்ட அழைத்திருந்தார்.

"அண்ணை, பாருங்கோ, எப்பிடி இருக்கு?"

தொலைபேசியிலிருந்து பெரும் இரைச்சல் வந்தது. படம் நடுங்கியது. மேசைவிரிப்பொன்று திரையைக் கடந்து பறந்து போனது.

"உன்ர கை ஏன் இப்பிடி ஆடுது?" என்றார் உருத்திரமூர்த்தி.

"கை ஆடேல்லை அண்ணை, காத்து. ஆக்கள் எல்லாம் உள்ளுக்கை போட்டினம். அதை விடுங்கோ, தோரணத்தைப் பாருங்கோ. கட்ட இடமில்லாமல் நிண்டனான். ஒரு கம்பம் சும்மா நிண்டுது. ரூடி கதவுக்கெண்டு தந்த ஏணியை வைச்சு ஏறினன். நுனியிலை மூண்டு கரண்டி மாதிரி ஒரு சாமான், சும்மா சுத்திக்கொண்டு நிண்டுது. மாவிலை அதிலை சிக்குப்படுது எண்டு சுத்தாமல் இறுக்கிக் கட்டிப்போட்டன். இப்ப அசையாது."

சிவானுஜா மாமனின் தோளுக்கு மேலால் பார்த்தாள். சூரிச் கடையில் வாங்கிய பிளாஸ்ரிக் மாவிலை, தங்க நிற ரிபன், நைலோன் கயிறு. காற்றை அளக்கும் கரண்டிகள் மூன்றும் மணமகனைப் போலச் சோடிக்கப்பட்டு அடக்கமாக நின்றன.

"சந்திரகுமார் அண்ணை, அது காத்து அளக்கிற சாமான். இப்பவே கயித்தை வெட்டுங்கோ."

"தோரணத்தை வெட்டுறதோ? சடங்கு தொடங்க முன்னமோ? என்ர கையாலை நான் வெட்டமாட்டன், தங்கச்சி."

"வெட்டாதை," என்றார் உருத்திரமூர்த்தி. "அபசகுனம்."

அவள் மறுபடி ரூடிக்கு அழைத்தாள். ஏணியில் ஏற வேண்டாம், இடுப்புவாரைப் பாதுகாப்புக் கம்பியில் கொழுவிக்கொண்டு போய், கீழே கைப்பிடியில் கட்டியிருக்கும் முனையை மட்டும் வெட்டுங்கள் என்றாள். ரூடி வடையை வைத்துவிட்டுப் போனார். கீழ் முனையை அவர் வெட்டினார். மிச்சத்தைக் காற்றே கழற்றி எடுத்துக்கொண்டு போனது. அந்தத் தோரணம் எந்த மாநிலத்தில் போய் விழுந்தது என்று இன்றுவரை தெரியாது.

திரையில் பூச்சியம் அசைந்தது. முப்பத்தெட்டு. எழுபத்தொன்று. தொண்ணூற்று நான்கு.

சிவானுஜா கம்பியைப் பார்த்தாள். நடுத்தூணுக்கு மேலே அது பக்கவாட்டில் மெல்ல வளைந்து வளைந்து வந்தது. ஐந்து நிமிடத்துக்கு முன் கதவைத் திறந்திருந்தால் ஹரிஷாவும் மாமிமாரும் இப்போது அந்த இடத்தில் இருப்பார்கள்.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். வேறு ஒரு மாமனாக இருந்தால் முடிந்திருக்கும்.

"சரி," என்றார் உருத்திரமூர்த்தி. "காத்து எண்டால் கூடும் குறையும். குறையிற நேரம் பாத்து ஒரே ஒரு தரம் விடு. மெல்ல விடு. மேலை தொண்ணூறு பேர் நிக்கினம். சண்முகலிங்கமும் அதிலை நிக்கிறார்."

"ஏலாது, மாமா."

அந்தச் சொல் வெளியே வந்த பிறகுதான் அதைச் சொன்னது தான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"என்ன சொன்னனீ?"

"ஏலாது எண்டனான். இண்டைக்கு இது ஓடாது."

"ஆரோட கதைக்கிறாய் எண்டு தெரியுதோ? நீங்கள் மூண்டு பேரும் ரண்டு பையோட வந்து நிக்கேக்கை ஆர் அறை தந்தது?"

அறை வந்துவிட்டது. கேக் இல்லாத இடத்திலும் வந்துவிட்டது. சிவானுஜாவின் கண் கலங்கியது. ஆனால் கை நிறுத்தும் பொத்தானின் மேல் இருந்தது, அதை அவள் எடுக்கவில்லை.

"நீங்கள்தான் தந்தனீங்கள், மாமா. அதுக்கு நான் என்னவும் செய்வன். இதைச் செய்யமாட்டன்."

உருத்திரமூர்த்தி தங்கையின் பக்கம் திரும்பினார். "கேட்டியே, உன்ர மோள் கதைக்கிறதை."

பரமேஸ்வரி பத்து வருடமாக அண்ணனுக்கு ஓம் என்று மட்டும் சொல்லி வந்தவர். அன்றும் குரலை உயர்த்தவில்லை.

"அண்ணை, அவள் உங்கட பிள்ளையைத்தானே ஏத்தாதேங்கோ எண்டு சொல்லுறாள். என்ர பிள்ளையை இல்லையே."

மாலைக்குள்ளிருந்து ஹரிஷாவின் குரல் வந்தது.

"அப்பா, எனக்கு முதல்லையே விருப்பமில்லை. என்ர வகுப்புப் பெடியள் ரண்டு பேர் அங்கை மேலை சைக்கிள் ஓட வாறவங்கள். மச்சாள், பிளீஸ், மூடுங்கோ."

சிவானுஜா பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. வெளியே போய்ச் சங்கிலியைக் கொழுவி, 'மூடப்பட்டுள்ளது' என்ற பலகையைத் தொங்கவிட்டாள். வெயில் அழகாக அடித்துக்கொண்டிருந்தது. ஒரு இலையும் ஆடவில்லை. அந்தப் பலகையைப் போல நம்பமுடியாத பொருள் அந்த ஊரில் அந்த நேரத்தில் வேறு இருந்திருக்காது.

சடங்கு பயணிகள் காத்திருக்கும் அறையில் நடந்தது. ஆராத்தி எடுத்த இடத்துக்குப் பின்னால் மாடுகளுக்குச் சாப்பாடு கொடுக்கக் கூடாது என்ற படம் ஒட்டியிருந்தது. சயன் எவ்வளவு முயன்றும் அதை வீடியோவிலிருந்து தவிர்க்க முடியவில்லை. மேலே இருந்தவர்கள் பிள்ளையைக் காணாமலே விருந்தை முடித்தார்கள், ஒருவரும் அதனால் மெலியவில்லை. கேபிள் கார் ஓடாதபடியால் பிற்பகல் காட்டுப்பாதை வழியாக, கமக்காரர் ஒருவரின் வைக்கோல் இழுவைப்பெட்டியில் பல தடவையாக இறங்கினார்கள். காஞ்சிபுரச் சேலையில் வைக்கோல் குத்த, வெறும் வடைச் சட்டியோடு வந்து இறங்கினாள் அக்கா. அட்லிஸ்வில் சண்முகலிங்கம் வண்டியின் பின்விளிம்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். குதிரை எவ்வளவோ மேல் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலிருந்ததை எல்லாரும் கேட்டார்கள்.

திரிம்பாக் கோயிலில் அடுத்த மாதம் உருத்திரமூர்த்தி ஒரு கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டு நின்றதைப் பலர் கேட்டிருக்கிறார்கள்: "காத்தை நான் பாத்த உடனை விளங்கிட்டுது. பிள்ளை, நிப்பாட்டு எண்டனான். என்ர மருமேள்தானே, சொன்னால் கேப்பாள்." சிவானுஜாவும் அங்கே நின்றாள். தலையை ஆட்டினாள்.

ஆனால் அது பிறகு. அந்தச் சனிக்கிழமை பலகையைத் தொங்கவிட்ட கையோடு அவள் இம்ஹோஃபுக்கு அழைத்து நடந்ததைச் சொன்னாள். மானியில் தோரணம் கட்ட இடம் கொடுத்தது தன் சொல்தான் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். மறுமுனையில் மாட்டு மணிகள் அடித்துக்கொண்டிருந்தன.

"கம்பத்துக்கு ஒரு வேலி போட வேண்டும்," என்றார் அவர். "யார் நிறுத்தியது?"

"நான்."

"யார் சொல்லி?"

"யாரும் சொல்லவில்லை. ஓட்டச் சொல்லித்தான் எல்லாரும் சொன்னார்கள்."

"அப்படியானால் தாளில் உன் பெயரைப் போடு. நிறுத்தியவர்தான் போட வேண்டும். இங்கே என் பசுவின் முறை வருகிறது."

அவள் கட்டுப்பாட்டறைக்குத் திரும்பினாள். மாமன் கதவுக்கு வெளியே நின்றார். இம்முறை உள்ளே வரவில்லை. மூடியதற்கென்று புதிய நாள் தாளொன்றை எடுத்து, நிலை என்ற இடத்தில் 'மூடப்பட்டது' என்றும், காரணம் என்ற இடத்தில் 'காற்று' என்றும் எழுதினாள். தோரணத்தைப் பற்றி எழுத ஜெர்மனில் சொல் கிடைக்காமல் 'பண்டிகை அலங்காரம்' என்று குறித்தாள். பொறுப்பு என்ற கட்டம் இம்ஹோஃபின் குட்டைப் பெயருக்காகச் செய்தது. அவள் பெயர் அதற்குள் அடங்காமல் ஓரக்கோட்டைத் தாண்டிப் போனது. முழுப்பெயரையும் எழுதினாள். பக்கத்தில் திகதியையும் போட்டாள்: 2019 ஒக்டோபர் 19.